கேம் பெட்டி ரியூப்புக்கு ஸ்கேன் வேகம் பொருத்துவது எப்படி

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ரிவி திருத்தும் கடைகளின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் 14, 20, 21 அங்குல ரியூப் ரிவிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். எல்சிடி வந்த பிறகு அவற்றை ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. ஆர்க்கேட் பெட்டி (காசு போட்டு விளையாடும் கேம் பெட்டி) அடிக்கிறவருக்கு அவை புதையல். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த ஆர்க்கேட் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்த ரிவிகள் ஓடும் அதே 15 கிலோஹேர்ட்ஸ் வேகத்துக்கே செய்யப்பட்டவை. தொல்லை தருவது, பெட்டிக்குள் இருந்து இன்று அவற்றை ஓட்டும் கொம்பியூட்டர்தான். அதன் விஜிஏ வாயிலிருந்து சாதாரணமாக 31.5 கிலோஹேர்ட்ஸுக்குக் குறைந்து எதுவும் வராது.

ஒரு விதியை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ரியூப்பை ஒருமுறை ஒழுங்காகச் சரிசெய்து, அதோடு விட்டுவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு விளையாட்டுக்கும் வளைந்து கொடுக்க வேண்டியது கொம்பியூட்டர். விளையாட்டுக்கு விளையாட்டு பின்கதவைத் திறந்து பொட்டை, அதாவது அளவு மாற்றும் சின்னத் திருகை, திருகுகிறவரிடம் கடைசியில் ஒரு விளையாட்டும் நேராக நிற்காது.

முதலில் கணக்கு

ரியூப்பில் படம் கோடு கோடாக விழுகிறது. ஒரு செக்கனில் விழும் கோடுகளின் தொகை கிடை வேகம். ஒரு செக்கனில் மேலிருந்து கீழாக எத்தனை தடவை வருகிறது என்பது நிலைக்குத்து வேகம். எங்கள் ரிவிகள் பால் முறை (கறக்கிற பால் அல்ல): கிடை வேகம் 15.625 கிலோஹேர்ட்ஸ், நிலைக்குத்து 50 ஹேர்ட்ஸ், மொத்தம் 625 கோடு, அதுவும் அரைவாசி அரைவாசியாக இரண்டு புலமாக விழும் (இதுதான் இன்டர்லேஸ்). அமெரிக்க, ஜப்பானிய முறை என்ரிஎஸ்சி: 15.734, 59.94, 525. கிடை வேகத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வீதம்கூட இல்லை. அதனால்தான் பால் ரிவிகளில் பெரும்பாலானவை 60 ஹேர்ட்ஸ் படத்தையும் மறுக்காமல் பிடிக்கின்றன.

கொம்பியூட்டர் பக்கம் இரண்டு வகுத்தல்தான் (பிக்சல் குளொக் என்பது ஒரு செக்கனில் கார்ட் அனுப்பும் புள்ளிகளின் தொகை):

பிக்சல் குளொக் ÷ கிடை மொத்தம் = கிடை வேகம்
கிடை வேகம் ÷ நிலைக்குத்து மொத்தம் = நிலைக்குத்து வேகம்

மொத்தம் என்பது கண்ணுக்குத் தெரியும் பகுதியோடு, படம் வரையும் எலெக்ட்ரோன் கற்றை திரும்பி ஓடும் நேரத்தையும் சேர்த்தது. 320 x 240 படம் என்றாலும் கோடுகள் மொத்தம் 262. மிச்சம் 22 கோடும் கற்றை கீழிருந்து மேலே திரும்புவதற்கு. இதை விளங்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் கூட்டல் கழித்தல்.

உயிருக்கு ஆபத்தான பகுதி

கலர் ரியூப்பின் அனோட்டில் (ரப்பர் மூடிக்குள் இருக்கும் உயர் வோல்ட் முனையில்) 20,000 முதல் 25,000 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும். தட்டையான ஸ்குறூட்ரைவரின் தண்டில் ஒரு வயரைச் சுற்றி, மறுமுனையை ரியூப்பின் வெளிப்புறத்தைச் சுற்றி ஓடும் பின்னல் வயரில் கொழுவுங்கள். சசியில் (போர்ட் பூட்டிய சட்டத்தில்) அல்ல, அந்தப் பின்னலில். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்குறூட்ரைவரை ரப்பர் மூடிக்கு அடியால் செலுத்தி உலோகக் கொக்கியைத் தொடுங்கள். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை. ரியூப் தானாகவே கொஞ்சம் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் ஒரு தடவை போதாது. பவர் பகுதியின் பெரிய கப்பாசிற்றரில் ஏறத்தாழ 325 வோல்ட் டிசி இருக்கும். அதை 230 வோல்ட் 60 வாட் குண்டு பல்ப்பை இரண்டு காலிலும் தொட்டு இறக்கலாம்.

அடுத்தது தனிப்படுத்தும் ரான்ஸ்ஃபோமர். பழைய ரிவிகளிலும் பல ஆர்க்கேட் மொனிற்றர்களிலும் சசியே மெயினோடு நேராகத் தொடர்புள்ளது. அதில் கொம்பியூட்டரின் கிறவுண்டைக் கொழுவினால் கிராஃபிக்ஸ் கார்ட்டும் போகும், ஆளும் போகலாம். 230க்கு 230, 150 முதல் 200 விஏ வரை, இரண்டு சுற்றும் தனித்தனியான ரான்ஸ்ஃபோமர் வேண்டும். வெளிநாட்டு 110 வோல்ட் சாமான்களுக்கென்று கடைகளில் விற்கும் இறக்கு ரான்ஸ்ஃபோமர் பெரும்பாலும் ஒரே சுற்றில் தட்டு எடுத்தது. வோல்ட்டை இறக்கும், தனிப்படுத்தாது. மல்ரிமீற்றரை ஓமில் வைத்து உள்வாயிலிருந்து வெளிவாய்க்கு அளந்து பாருங்கள். தொடர்பு காட்டினால் அது இந்த வேலைக்கு உதவாது.

ரியூப்பை அறிதல்

ரிவிகளில் இரண்டு தலைமுறை. பழையதில் கிடை, நிலைக்குத்து இரண்டுக்கும் ஹோல்ட் பொட் (ஓடும் வேகத்தைச் சரிக்கட்டும் பொட்) இருக்கும். ஆர்க்கேட் மொனிற்றர்களும் பெரும்பாலும் இப்படித்தான். பிந்திய ரிவிகளில் ஹோல்ட் பொட்டே கிடையாது. போர்ட்டில் 500 அல்லது 503 என்று எழுதிய ஒரு செராமிக் றெசனேற்றர் தெரிந்தால் அது இரண்டாவது தலைமுறை: 500 கிலோஹேர்ட்ஸை 32ஆல் வகுத்தால் 15.625. இந்த ரிவி கோடுகளை எண்ணி, 50ஆ 60ஆ என்று தானே முடிவு செய்யும். உயரம், இடம் எல்லாம் றிமோட்டின் சேர்விஸ் மெனுவில். மெனுவுக்குள் போனால் எந்த இலக்கத்தையும் மாற்றுமுன் ஃபோனில் படம் எடுத்துவையுங்கள். சிலவற்றில் 50க்கும் 60க்கும் தனித்தனி உயர அளவுகள் இருக்கும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதை மறந்துபோவது வழக்கமாக நடக்கும் பிழை.

எங்கள் பக்கத்து ரிவிகளில் ஆர்ஜிபி வாய் இருக்காது. கொம்பனென்ட் வாய் இருந்தால் மாற்றுப் பெட்டி ஒன்று போதும். மஞ்சள் வாய் மட்டுமென்றால் என்கோடர் வேண்டும், அதில் 60 ஹேர்ட்ஸ் படம் சில ரிவிகளில் கறுப்பு வெள்ளையாக வரும். நிறத்தைப் பிரிக்கும் பகுதி பாலுக்கு மட்டும் பழகியதே காரணம், ஸ்கேன் வேகத்தில் பிழை இல்லை. எழுத்துகளைத் திரையில் போடும் ஆர்ஜிபி கால்களில் நேரே கொடுப்பதுதான் துல்லியமான வழி. ஒவ்வொரு நிறத்துக்கும் 75 ஓம் கிறவுண்டுக்கு, 0.1 மைக்ரோஃபராட் தொடரில். சேர்கிட் வரைபடம் இல்லாமல் அதில் கைவைக்க வேண்டாம்.

அசல் ஆர்க்கேட் மொனிற்றரென்றால் வேறொரு தொல்லை. விஜிஏ நிற சிக்னல் 0.7 வோல்ட். ஆர்க்கேட் மொனிற்றர்கள் பல 3 வோல்ட்டுக்கு மேல் எதிர்பார்க்கும். நேரே கொடுத்தால் படம் மங்கலாகத் தெரியும். அதற்கு ஸ்கிறீன் பொட்டைக் கூட்டுவது மருந்தல்ல. பின்னணி சாம்பலாகி திரும்பல் கோடுகள் தெரியத் தொடங்கும். வீடியோ அம்ப் ஒன்று போடுங்கள், அல்லது கொம்பியூட்டரை ஆர்க்கேட் வயரிங்கோடு இணைக்கும் ஜே-பாக் போன்ற போர்ட். ஆர்க்கேட் போர்ட்களின் பொது இணைப்பான ஜாமா கொன்னெக்ரரில் உறுப்புப் பக்கம் 12 சிவப்பு, 13 நீலம், 14 வீடியோ கிறவுண்ட். ஈயப் பக்கம் 12க்கு நேர் பச்சை, 13க்கு நேர் சிங்க், அதாவது கோடும் படமும் தொடங்கும் நேரத்தைச் சொல்லும் சிக்னல்.

சிங்க் இரண்டையும் ஒன்றாக்குதல்

விஜிஏயில் 13ஆம் பின் கிடை சிங்க், 14ஆம் பின் நிலைக்குத்து சிங்க். ரிவிக்கும் பெரும்பாலான ஆர்க்கேட் மொனிற்றருக்கும் வேண்டியது இரண்டும் சேர்ந்த ஒரே சிங்க், அதுவும் கீழ்நோக்கியது. டயோட் இரண்டைப் போட்டுச் சேர்க்கலாம் என்று சொல்வார்கள், படமும் வரும். ஆனால் நிலைக்குத்து சிங்க் ஓடும் மூன்று கோட்டு நேரம் கிடை சிங்க் காணாமல் போய்விடும். மொனிற்றர் அந்த இடைவெளியில் வழி தவறி, படத்தின் மேல் ஓரம் கொக்கிபோல் வளையும்.

74ஹெச்சி86 ஐசி ஒன்று வாங்குங்கள். அதில் நான்கு எக்ஸோர் கதவுகள் (இரண்டு உள்வாயும் வேறுபட்டால் மட்டும் வெளிவாய் எழும்). முதல் கதவின் இரண்டு உள்வாய்க்கும் 13, 14ஆம் பின்கள். கொம்பியூட்டரில் இரண்டு சிங்க்கும் கீழ்நோக்கி இருந்தால் இந்தக் கதவிலிருந்து வருவது மேல்நோக்கிய சிங்க். அதை இரண்டாவது கதவின் ஒரு உள்வாய்க்குக் கொடுத்து, மற்ற உள்வாயை 5 வோல்ட்டில் கட்டிவிட்டால் தலைகீழாகி வேண்டியபடி வரும். மிச்சமுள்ள கதவுகளின் உள்வாய்களைக் கிறவுண்ட் செய்யுங்கள். 5 வோல்ட்டை யூஎஸ்பியிலிருந்து எடுக்கலாம், ஐசியின் பவர் காலடியில் 0.1 மைக்ரோஃபராட் ஒன்று. ஆர்க்கேட் மொனிற்றருக்கு வெளிவாயை நேரே கொடுக்கலாம். ரிவிக்கு 470 ஓம் தொடரில் போடுங்கள். மறுபக்கத்து 75 ஓமோடு சேர்ந்து 5 வோல்ட் ஏறத்தாழ 0.7 ஆகும்.

கொம்பியூட்டர் பக்கம்

அனலொக் வாயுள்ள பழைய ரேடியன் கிராஃபிக்ஸ் கார்ட் மிக ஒத்துழைக்கும். ஹெச்டி 5450 போன்றவை போதும். விண்டோஸில் கார்ட்டை 15 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்கும் சிஆர்டி எமுட்ரைவர், விளையாட்டுகளை ஓட்ட குறூவிமேம். லினக்ஸ் என்றால் குறூவி ஆர்க்கேட். புதிய கார்ட்களில் அனலொக் வாயே இல்லை. டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து விஜிஏயாக்கும் குட்டி அடப்ரர்கள் இந்தத் தாழ்ந்த வேகங்களில், அதுவும் இன்டர்லேஸில், நம்பத்தக்கவை அல்ல.

கவனிக்க வேண்டிய இடம் கொம்பியூட்டர் எழும்பும் முதல் அரை நிமிடம். அப்போது வரும் கறுப்புத் திரை எழுத்துகள் 31.5 கிலோஹேர்ட்ஸ், 70 ஹேர்ட்ஸ். அதை 15 கிலோஹேர்ட்ஸ் ரியூப்பில் விட்டால் ஒரே கோட்டுக்குள் இரண்டு கோடு விழுந்து, ஒடுங்கிய இரண்டு படம் பக்கம் பக்கமாகத் தெரியும், கீச்சென்ற சத்தமும் வரும். ஒருமுறை நடந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். தினமும் நடந்தால் கிடை அவுட்புட் ரான்சிஸ்டர், எங்கள் ரிவிகளில் அடிக்கடி காணும் பியூ508 வகை, ஒருநாள் சோர்ட்டாகும். ஆகவே மொனிற்றரின் மெயினுக்குத் தனி சுவிச் வைத்து, விளையாட்டுப் பட்டியல் வந்த பிறகு போடுங்கள். 60 செக்கன் ரைமர் ரிலே ஒன்று இருந்தால் ஆள் மறந்தாலும் அது மறக்காது. ஜே-பாக் போர்ட் கூடிய வேகத்தைத் தானே தடுத்துவிடும்.

படநிலையை எழுதுவது ஒன்பது இலக்கத்தில்: பிக்சல் குளொக் மெகாஹேர்ட்ஸில், பிறகு கிடை நான்கு (தெரியும் அகலம், சிங்க் தொடக்கம், சிங்க் முடிவு, மொத்தம்), பிறகு அதே வரிசையில் நிலைக்குத்து நான்கு. 15 கிலோஹேர்ட்ஸ் ரியூப்புக்குக் கிடையில் முன் இடைவெளி 2, சிங்க் 4.7, பின் இடைவெளி 8 மைக்ரோசெக்கன் என்று தொடங்கினால் பிழைக்காது. அந்த அளவில்:

240 கோடு, 60 ஹேர்ட்ஸ்: 13.09 / 640 664 728 832 / 240 242 245 262
480 கோடு இன்டர்லேஸ்: 13.09 / 640 664 728 832 / 480 484 490 525
288 கோடு, 50 ஹேர்ட்ஸ்: 13.00 / 640 664 728 832 / 288 290 293 312

முதலாவது 15.733 கிலோஹேர்ட்ஸ், 60.05 ஹேர்ட்ஸ். மூன்றாவது அச்சொட்டாக 15.625, 50.08. இரண்டு சிங்க்கும் கீழ்நோக்கி. 320 அகலமுள்ள விளையாட்டுக்கு 640 ஏன் என்றால், பல கார்ட்களின் குளொக் மிகவும் தாழ்ந்து இறங்காது. ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாக நீட்டினால் ரியூப்புக்கு வித்தியாசம் தெரியாது. 13 மெகாஹேர்ட்ஸுக்கும் கார்ட் இறங்க மறுத்தால் கிடையை நான்கால் பெருக்குங்கள்: 52.36 / 2560 2656 2912 3328, நிலைக்குத்து அப்படியே. கிடை வேகம் மாறாது. இன்டர்லேஸில் மொத்தம் ஒற்றை எண்ணாக இருக்க வேண்டும். 525ஐ 524 ஆக்கினால் அரைக் கோடு இல்லாமல்போய் இரண்டு புலமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். எழுத்துகள் பாதி தின்றதுபோல் தெரியும்.

பொட்டைத் திருப்புவது ஒரே தடவை

முதலாவது படநிலையைக் கொடுத்து மொனிற்றரை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். குளிர்ந்த சசியில் செய்த சரிக்கட்டல் சூடானதும் நகரும். அதற்குள் மெயின் வோல்ட்டை அளந்து பாருங்கள். தெரு ரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரத்தில், கரண்ட் கம்பியின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை ஆறரைக்குப் பிறகு வோல்ட் விழும். மெயினிலிருந்து நேரே எடுத்து ஓடும் பழைய மொனிற்றர்களில் வோல்ட் விழுந்தால் படமும் சுருங்கும். அந்த நேரத்தில் அகலத்தைக் கூட்டி வைத்தால் மறுநாள் பகலில் படம் சட்டத்துக்கு வெளியே நிற்கும். 225க்கும் 235க்கும் இடையில் இருக்கும்போது மட்டும் அளவுகளைத் தொடுங்கள். பி-பிளஸ் என்று எழுதிய பொட் எதற்காகவும் வேண்டாம். அது கூடினால் அனோட் வோல்ட்டும் கூடும், எக்ஸ்-றே வரையிலும் போகும்.

கிடை ஹோல்ட்: படம் சரிந்த பட்டிகளாகக் கிழிந்தால் எண்ணுங்கள். ஒரு பட்டி ஏறத்தாழ 60 ஹேர்ட்ஸ் பிழை. ஐந்து பட்டி என்றால் 300. பட்டி மேல் வலப்பக்கத்திலிருந்து கீழ் இடப்பக்கத்துக்குச் சரிந்தால் மொனிற்றர் மெதுவாக ஓடுகிறது, மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கத்துக்கென்றால் வேகமாக ஓடுகிறது. பட்டிகள் குறையும் பக்கம் திருப்பிக்கொண்டே போனால் படம் ஒரு இடத்தில் டக்கென்று பிடிக்கும். அங்கேயே நிறுத்த வேண்டாம். மறுபக்கம் விடும் இடத்தையும் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். விளையாட்டுக்கு விளையாட்டு வேகம் மாறும்போது இரண்டு பக்கமும் இடம் கிடைப்பது இதனால்தான்.

நிலைக்குத்து ஹோல்ட்: படம் கீழே உருண்டால் மொனிற்றர் வேகம், மேலே உருண்டால் மெதுவு. சிங்க் வயரைக் கழற்றிப் பார்க்கும்போது படம் மெல்ல மேலே உருளும்படி வைத்து, பிறகு சிங்க்கைக் கொழுவுங்கள். கொஞ்சம் மெதுவாக ஓடும் ஓசிலேற்றரைத்தான் சிங்க்கால் பிடித்து இழுக்க முடியும். முந்தி ஓடுவதை இழுத்து நிறுத்த முடியாது.

அகலச் சுருளின் உள்ளே இருப்பது ஃபெரைட். இரும்பு அலன் சாவியால் திருப்பினால் வெடித்து இறுகும், பிறகு சுருளையே மாற்ற வேண்டியதுதான். பிளாஸ்ரிக் சாவி கிடைக்காவிட்டால் மூங்கில் சீவலை அறுகோணமாகச் சீவினாலும் வேலை நடக்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் கிரவல் றோட்டுப் புழுதி பொட்டுகளுக்குள்ளும் போயிருக்கும். திருப்பும்போது படம் துள்ளினால் முதலில் கொன்ராக்ட் கிளீனர் அடித்து, ஆறவிட்டுப் பிறகு திருப்புங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருந்து வந்த ரிவிகளில் பொட்டுகளின் உலோகம் கறள் ஏறியிருந்தால் சுத்தம் செய்வதைவிட மாற்றுவது மலிவு.

இலக்கத்தால் படத்தை நகர்த்துதல்

மொத்தத்தைத் தொடாமல், சிங்க் தொடக்கம், முடிவு இரண்டையும் சேர்த்து 8 கூட்டினால் படம் இடப்பக்கம் போகும், குறைத்தால் வலப்பக்கம். நிலைக்குத்திலும் அதே மாதிரி: கூட்டினால் மேலே, குறைத்தால் கீழே, ஒரு தடவைக்கு ஒரு கோடு. படம் அகலம் கூடிவிட்டதென்றால் குளொக்கையும் கிடை மொத்தத்தையும் ஒரே விகிதத்தில் கூட்டுங்கள். 13.09 / 640 664 728 832 என்பதை 13.72 / 640 680 744 872 ஆக்கினால் கிடை வேகம் ஏறத்தாழ அதே 15.73, படம் ஏறத்தாழ 5 வீதம் ஒடுங்கும். மொத்தத்தை மட்டும் கூட்டிவிட்டு குளொக்கை மறந்தால் கிடை வேகம் 15.0க்கு விழுந்து படம் கிழியும். தொடக்ககாரர் எல்லாரும் விழுகிற குழி இதுதான்.

விளையாட்டின் சொந்த வேகம்

எல்லா ஆர்க்கேட் விளையாட்டும் 60 ஹேர்ட்ஸ் அல்ல. 1987இல் வந்த ஆர்-டைப் 55.02 ஹேர்ட்ஸ். அதை 60.05இல் ஓட்டினால் ஒன்றில் விளையாட்டு 9 வீதம் வேகமாகும், அல்லது செக்கனுக்கு ஐந்து சட்டம் இரண்டு தடவை காட்டப்பட்டு நகரும் பின்னணி விக்கும். கண் பழகியவருக்கு அந்த விக்கல் தாங்காது.

1991இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கும் ஆர்-டைப்புக்கும் கிடை வேகம் ஒன்றே, 15.625. கிடை இலக்கங்கள் பொது, நிலைக்குத்து மட்டும் வேறு:

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: 16.00 / 768 800 872 1024 / 224 232 235 262 (59.64 ஹேர்ட்ஸ்)
ஆர்-டைப்: 16.00 / 768 800 872 1024 / 256 258 261 284 (55.02 ஹேர்ட்ஸ்)

15.625 எங்கள் பால் ரிவியின் சொந்த வேகம், ஆகவே கிடையில் சண்டையே வராது. 284 கோடுதான் சில பிந்திய ரிவிகளைக் குழப்பும். 50ஆ 60ஆ என்று முடிவெடுக்க முடியாமல் படத்தின் உயரம் குதிக்கும். அப்படிக் குதித்தால் அந்த ரிவியில் 55 ஹேர்ட்ஸை மறந்துவிடுங்கள்.

பாக்-மானின் கதை வேறு. 1980இன் அந்தப் போர்ட் 16.0 கிலோஹேர்ட்ஸ், 264 கோடு, 60.61 ஹேர்ட்ஸ். ஹோல்ட் பொட் உள்ள மொனிற்றர் பிடிக்கும். றெசனேற்றர் வைத்த ரிவிகளில் சில மேல் ஓரத்தில் கிழியும். இங்கே கணக்கு கைகொடுக்கிறது. தெரியும் கோடு 224தான், மிச்சம் 40 வெறும் இடைவெளி. அதில் நான்கைக் குறைத்தால் 260. 15.75 கிலோஹேர்ட்ஸை 260ஆல் வகுக்க 60.58. விளையாட்டின் வேகத்தில் இந்த மாற்றத்தை எவரும் உணரமாட்டார். ரிவியோ தன் வீட்டு வேகத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

பாக்-மான், ரியூப் நிமிர்த்தி: 12.096 / 576 600 656 768 / 224 232 235 260

மோர்ட்டல் கொம்பாட் (1992) 15.81 கிலோஹேர்ட்ஸ், 289 கோடு, 54.71 ஹேர்ட்ஸ். அதிலும் 286 ஆக்கி 15.647இல் ஓட்டலாம். எந்த விளையாட்டுக்கும் முதலில் நிலைக்குத்து வேகத்தைக் காப்பாற்றுங்கள்; கோடுகளின் மொத்தத்தைக் கூட்டிக் குறைத்து கிடை வேகத்தை 15.6க்கும் 15.8க்கும் இடையில் இழுத்து வையுங்கள். குறூவிமேமுக்கு ரியூப்பின் எல்லையைச் சொல்லிவிட்டால் இதைத் தானே செய்யும். ஆனால் அது கொடுத்த இலக்கம் ஏன் அப்படி என்று தெரிந்தவரால்தான் பிழைத்தால் திருத்த முடியும்.

பாக்-மானை ரியூப்பை நிமிர்த்தாமல் படுக்கையாக ஓட்ட நினைப்பவர்களுக்கு: உயரமான அந்தப் படத்துக்கு 288 கோடு வேண்டும், அது 60 ஹேர்ட்ஸில் 15 கிலோஹேர்ட்ஸுக்குள் அடங்காது. 50 ஹேர்ட்ஸில் அடங்கும், ஆனால் விளையாட்டு 17 வீதம் மெதுவாகும். பேய்கள் நித்திரைத் தூக்கத்தில் நடக்கும்.

நடுக்கம்: ஸ்கேனா, கரண்டா?

எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், படம் 60. இந்த இரண்டும் மோதுவதால் படத்தின் ஓரங்கள் வேகமாக நடுங்குவதுண்டு. பார்த்தால் சிங்க் பிழைபோலவே இருக்கும். மணித்தியாலக் கணக்காக ஹோல்ட் பொட்டோடு மினக்கெடுமுன் ஒரு சோதனை: 50 ஹேர்ட்ஸ் படநிலையைக் கொடுங்கள். வேக நடுக்கம் நின்று, பதிலுக்கு ஒரு நெளிவு மிக மெல்ல மேலேயோ கீழேயோ ஊர்ந்தால் காரணம் கரண்ட்தான். தனிப்படுத்தும் ரான்ஸ்ஃபோமர் ரியூப்பின் கழுத்துக்குக் கிட்ட இருக்கிறதா பாருங்கள். பெட்டியின் அடித்தட்டில், ரியூப்பிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். கையால் திருப்பித் திருப்பி வைத்தால் நடுக்கம் மிகக் குறையும் ஒரு கோணம் கிடைக்கும். அதிலும் போகாவிட்டால் பவர் பகுதியின் வடிகட்டும் கப்பாசிற்றர் காய்ந்திருக்கும். 50இலும் நடுக்கம் அதேபோல் இருந்தால் அப்போது சிங்க் வயரையும் ஐசியையும் சந்தேகியுங்கள்.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைப் பக்கம் கடை போட்டு ஜெனரேற்றரில் ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். சின்னப் பெற்றோல் ஜெனரேற்றரின் ஹேர்ட்ஸ் லோட்டுக்கு லோட் ஆடும், நெளிவின் வேகமும் கூடிக் குறையும். ஸ்கேன் வேகம் அசையவில்லை. அது கொம்பியூட்டரின் கிறிஸ்ரலில் இருந்து வருகிறது. சதுர அலை இன்வேர்ட்டரில் ரான்ஸ்ஃபோமர் முனகிக்கொண்டு சூடேறும். கை வைக்க முடியாத சூடென்றால் நிறுத்துங்கள்.

ஸ்கேன் எல்லாம் சரி, ஆனால் மூலைகளில் பச்சை, ஊதா படிகிறதா? பெட்டியை இடம் மாற்றியதால் ஏறிய காந்தமாக இருக்கலாம். காந்தம் இறக்கும் டிகோஸ் சுருளால் வட்டமாகச் சுற்றி, மெல்லப் பின்வாங்கி நிறுத்துங்கள். ஐரோப்பாவில் அல்லது ஜப்பானில் சரிசெய்த மொனிற்றரென்றால் டிகோஸ் முழுதாகக் கேட்காது. பூமியின் காந்த நடுக்கோடு எங்களுக்குக் கிட்டவே போகிறது. கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அந்தக் கோட்டை வைத்துத்தான். அந்த நாடுகளில் உள்ள நிலைக்குத்துக் காந்தப்புலம் இங்கே மிகக் குறைவு. ரியூப்பின் கழுத்திலுள்ள காந்த வளையங்களில் நிறத் தூய்மையைத் திரும்பச் செய்ய வேண்டும், அதற்கு முன் வளையங்கள் இருந்த இடத்தை வெள்ளைப் பெயின்றால் குறித்துவிடுங்கள்.

கடைசியாக, பிடித்த இலக்கங்கள் ஒன்பதையும், அன்று அளந்த மெயின் வோல்ட்டையும், பொட்டுகள் நின்ற நிலையையும் ஒரு மட்டையில் எழுதிப் பின்கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். பேனாவால் அல்ல, பென்சிலால். மாரியில் பெட்டிக்குள் ஈரம் ஏறினால் பேனா மை கரைந்துவிடும்.